எக்ஸ்பி கணினியில் உருப்பெருக்கியும் இரண்டு திரைவாசிப்பான்களும்: நீலத்திரையும் விசைப்பலகை முடக்கமும்

தக்கலை ஓய்வாசிரியர் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் பார்வையை முழுமையாக இழந்தவன். இப்பதிவைக் கைபேசியின் குரல் துணையோடு எழுதுகிறேன். என் வீட்டில் பென்டியம் 4 செயலியும் 512 எம்பி ரேமும் கொண்ட பழைய மேசைக் கணினி ஒன்று இருக்கிறது. அதில் விண்டோஸ் எக்ஸ்பி, சர்வீஸ் பேக் 3 இயங்குகிறது. அதன் பேரலல் போர்ட்டில் (பழைய வகை அச்சுப்பொறி இணைப்பில்) பிரெயில் அச்சுப்பொறி ஒன்று இணைந்திருப்பதாலும், அந்த அச்சுப்பொறியை இயக்கும் துணைநிரலான டிரைவர் எக்ஸ்பியோடு நின்றுவிட்டதாலும் அக்கணினியை நான் விடவில்லை. சுற்றுவட்டாரத்தில் பார்வையற்ற பிள்ளைகள் சிலருக்குப் பாடத்தாள்களை அதில்தான் அச்சிட்டுக் கொடுத்து வருகிறேன்.

சிறிதளவு பார்வை இருந்த காலத்தில் திரை உருப்பெருக்கி மென்பொருள் ஒன்றை நிறுவினேன். பார்வை மேலும் மங்கியபோது திரையில் உள்ளதைக் குரலில் வாசிக்கும் திரைவாசிப்பான் ஒன்றை விலை கொடுத்து வாங்கிச் சேர்த்தேன். பிறகு தமிழ்த் தட்டச்சு மென்பொருள் வந்தது. அண்மையில் உறவினர் ஒருவர் என்விடிஏ என்னும் இலவசத் திரைவாசிப்பானையும் நிறுவிக் கொடுத்தார். இப்போது மூன்று தொல்லைகள் இருக்கின்றன. திரைவாசிப்பான் பேசிக்கொண்டிருக்கும்போதே குரல் அறுந்து, கணினி தானாக மறுதொடக்கம் ஆகிறது. தமிழில் தட்டச்சு செய்தால் சில எழுத்துகள் இரட்டிக்கின்றன, சில விழுங்கப்படுகின்றன. வேறு சில வேளைகளில் குரல் ஒழுங்காக இருந்தும் விசைப்பலகை செத்ததுபோல் ஆகிவிடுகிறது. கடைக்குக் கொண்டுபோனால் எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகப் போட வேண்டும் என்கிறார்கள். அச்சுப்பொறியின் நிறுவல் வட்டு கீறல் விழுந்து படிக்க முடியாமல் இருப்பதால் அதற்கு நான் உடன்படவில்லை.

வடசேரி வன்பொருள் எழுதியது:

வணக்கம் சார். அழித்துப் போட மறுத்தது சரியான முடிவு. மென்பொருளைத் தொடுவதற்கு முன், மறுதொடக்கம் மின்சாரத்தால் நேர்கிறதா, விண்டோஸ் தானே செய்கிறதா என்று பிரித்தறிய வேண்டும். மை கம்ப்யூட்டரின் பண்புகளில் அட்வான்ஸ்டு பக்கத்துக்குச் சென்று, ஸ்டார்ட்அப் அண்ட் ரெக்கவரி பகுதியில் தானாக மறுதொடக்கம் செய்யும் தேர்வை நீக்கிவிடுங்கள். அதன்பின் மென்பொருள் கோளாறாக இருந்தால், விண்டோஸ் செயலிழக்கும்போது காட்டும் பிழைத்திரையான நீலத்திரையிலேயே கணினி நின்றுவிடும். மின்சாரக் கோளாறாக இருந்தால் பழையபடி அணைந்து எழும். நீலத்திரையைத் திரைவாசிப்பான் வாசிக்காது, ஏனெனில் அந்நேரம் அதுவும் இறந்திருக்கும். ஆகவே கைபேசிக் கேமராவைத் திரைக்கு நேரே பிடித்து, எழுத்து வாசிக்கும் செயலியால் படியுங்கள். அல்லது வீட்டில் ஒருவரைப் படிக்கச் சொல்லுங்கள். எங்களுக்குத் தேவை நிறுத்தக் குறியீடும் அதன் கீழே வரும் கோப்பின் பெயரும்தான்.

பெட்டியைத் திறக்கும்போது மதர்போர்டில் செயலியைச் சுற்றி நிற்கும் கெப்பாசிட்டர்களின் தலையை யாரேனும் பார்க்கட்டும். 2000களின் தொடக்கத்தில் வந்த போர்டுகளில் இவை உப்பிக் கசிவது பரவலாக இருந்தது. தலை தட்டையாக இருந்தால் கவலை வேண்டாம்.

குளச்சல் கரையோரம் எழுதியது:

கடற்காற்றுப் படும் ஊர்களில் ரேமின் செப்புப் பற்கள் கறுத்துவிடுகின்றன. எங்கள் பகுதியில் காரணமற்ற நீலத்திரைகளில் பலவும் ரேமைக் கழற்றி, பென்சில் அழிப்பானால் தேய்த்து மாட்டியவுடன் நின்றிருக்கின்றன. தக்கலை சற்று உள்ளே இருந்தாலும் இதைச் செய்துவிடுவதில் நட்டமில்லை. மெம்டெஸ்ட் நிரலை ஓர் இரவு ஓடவிட்டால் ரேமைப் பற்றிய ஐயமும் தீரும்.

தக்கலை ஓய்வாசிரியர் எழுதியது:

இருவருக்கும் நன்றி. கெப்பாசிட்டர்கள் நன்றாக இருப்பதாகப் பக்கத்து வீட்டு மாணவர் பார்த்துச் சொன்னார். ரேமைத் துடைத்து மாட்டி மெம்டெஸ்ட் ஓடவிட்டதில் பிழை எதுவும் இல்லை. தானாக மறுதொடக்கம் ஆகும் தேர்வை நீக்கிய பிறகு கணினி நீலத்திரையில் நின்றது. நிறுத்தக் குறியீட்டின் கடைசி இரண்டு ஆங்கில எழுத்துகள் இ, ஏ (EA) என்று கைபேசி வாசித்தது. அடியில் இருந்த கோப்பு, கிராபிக்ஸ் கார்டின் டிரைவருக்கு உரியது என்று அந்த மாணவர் கூறினார்.

மார்த்தாண்டம் நிரலர் எழுதியது:

அந்தக் குறியீடு மிகவும் பயனுள்ளது. டிரைவரின் ஒரு பகுதி முடிவில்லாத சுழலில் சிக்கி, வன்பொருளின் பதிலுக்காகக் காத்து நின்றுவிட்டது என்பது அதன் பொருள். எக்ஸ்பியில் இது பெரும்பாலும் திரை டிரைவரைச் சார்ந்தே வரும். ஆனால் கோப்பின் பெயர் கிராபிக்ஸ் கார்டுக்கு உரியது என்பதால் குற்றம் அதனுடையது என்று உடனே முடிவு கட்ட இயலாது. அதை அந்த நிலைக்குத் தள்ளியது யார் என்று பார்க்க வேண்டும்.

இக்காலத்தவர் மறந்துவிட்ட ஒரு செய்தியை இங்கே சொல்லியாக வேண்டும். திரையில் உள்ள பொருள்களைப் பற்றி மற்றொரு நிரல் கேட்டறியும் ஏற்பாட்டை மைக்ரோசாஃப்ட் 1997இல் ஆக்டிவ் அக்செசிபிலிட்டி என்னும் பெயரில் கொண்டுவந்தது. ஆயினும் எல்லா நிரல்களும் அதற்குப் பதில் சொல்லவில்லை. எனவே அக்காலத்துத் திரைவாசிப்பான்கள், விண்டோஸ் திரையில் எழுத்தை வரையச் சொல்லும் கட்டளைகளை டிரைவர் மட்டத்திலேயே இடைமறித்து, எந்த எழுத்து எந்த இடத்தில் வரையப்பட்டது என்று தமக்கென ஒரு படியைச் சேர்த்து வைத்தன. உருப்பெருக்கிகளும் ஏறத்தாழ அதே இடத்தில்தான் நுழைந்தன. ஒன்று மட்டும் இருந்தால் சிக்கல் இல்லை. இரண்டு நுழையும்போது, பின்னால் வந்தது முன்னால் வந்ததன் மேல் தொங்குகிறது. பேச்சிப்பாறைக் கால்வாயில் மேல்மடைக்காரர் அடைத்துக்கொண்டால் கடைமடை காய்வதுபோல, சங்கிலியில் ஒரு கண்ணி கட்டளையை அடுத்ததற்கு விடாமல் பிடித்துக்கொண்டால், கடைசியில் இருக்கும் உண்மையான டிரைவர் தவித்து நிற்கும்.

நீங்கள் கூறியபடி உருப்பெருக்கி முதலில், விலைக்கு வாங்கிய திரைவாசிப்பான் அடுத்து. அப்படியானால் நீக்கும் வரிசை தலைகீழாக இருக்க வேண்டும்: திரைவாசிப்பானை முதலில் நீக்கி மறுதொடக்கம் செய்து, அதன் பிறகே உருப்பெருக்கியை நீக்க வேண்டும். உருப்பெருக்கி இனித் தேவையில்லை என்று அதை முதலில் உருவினால், திரைவாசிப்பானின் இடைமறிப்பு இல்லாத ஒன்றைச் சுட்டிக்கொண்டு நிற்கும். அடுத்த முறை திரையே வராமல் போகவும் கூடும். என்விடிஏவை விட்டுவையுங்கள். அது டிரைவர் எதையும் நிறுவாமல், ஓடும் நிரல்களுக்குள்ளேயே சென்று செய்தி சேகரிக்கும் வகையைச் சேர்ந்தது. இந்தச் சங்கிலியில் அதற்கு இடமே இல்லை.

இவற்றைச் செய்வதற்கு முன், இன்றியமையாத டிரைவர்கள் மட்டும் ஏறும் சேஃப் மோடில் நுழைந்து, அங்கும் நீலத்திரை வருகிறதா என்று பார்த்துவிடுவது நல்லது.

தக்கலை ஓய்வாசிரியர் எழுதியது:

விளக்கம் மிகத் தெளிவாக இருக்கிறது. ஆனால் சேஃப் மோடில் கணினி ஊமையாகிவிடுகிறது. எனக்குக் குரல் இல்லாத கணினி, பார்வையுள்ளவருக்குத் திரை அணைந்த கணினி. அங்கே நான் எதைச் சோதிப்பது? மேலும், பேசுகிற மென்பொருளையே நீக்கச் சொல்கிறீர்கள். நீக்கும் பாதி வழியில் குரல் போனால் எந்தப் பொத்தானில் நிற்கிறேன் என்பதை எப்படி அறிவது?

திங்கள்சந்தை புள்ளியெழுத்து எழுதியது:

வணக்கம் சார். நானும் பார்வையற்ற ஆசிரியை. என்விடிஏவைப் பல ஆண்டுகளாகப் பயன்படுத்துகிறேன். நீங்கள் கேட்டதுதான் இந்த இழையில் கேட்கப்பட வேண்டிய முதற்கேள்வி. பார்வையுள்ள நண்பர்கள் தரும் பழுதுநீக்கும் குறிப்புகளில் பெரும்பாலானவை சேஃப் மோடில் தொடங்குகின்றன. எக்ஸ்பியின் சேஃப் மோடு ஒலி டிரைவரை ஏற்றுவதே இல்லை. விண்டோஸ் ஏறும் முன் வரும் பயாஸ் அமைப்புத் திரையும், எஃப்8 விசை காட்டும் தொடக்கப் பட்டியலும் அப்படியே பேசாதவை. ஆகவே குரல் அறாத வழிகளை மட்டும் சொல்கிறேன்.

ஸ்டார்ட் மெனுவில் ரன் திறந்து எம்எஸ்கான்ஃபிக் என்று ஆங்கிலத்தில் தட்டுங்கள். அதில் பூட்.ஐஎன்ஐ என்னும் பக்கம் இருக்கும். அங்கே பேஸ்வீடியோ என்ற தேர்வைக் குறியிட்டு மறுதொடக்கம் செய்யுங்கள். இப்போது கிராபிக்ஸ் கார்டின் சொந்த டிரைவருக்குப் பதிலாக எளிய விஜிஏ டிரைவர் மட்டும் ஏறும்; ஒலி உட்பட மற்ற அனைத்தும் வழக்கம்போல் ஏறும். திரை அழகு குறையும், அது நமக்கு ஒரு பொருட்டே அல்ல. இந்நிலையில் சில நாள் வேலை செய்து நீலத்திரை வரவில்லை என்றால், சிக்கல் திரை டிரைவர் வட்டாரத்தில்தான் என்பது உறுதியாகும். மறுதொடக்கத்திற்குப் பின் எம்எஸ்கான்ஃபிக் மாற்றப்பட்டிருப்பதாக ஓர் உரையாடல் பெட்டி எழும்; திடுக்கிட வேண்டாம்.

அடுத்து, குரலைக் காப்பது. என்விடிஏ மெனுவில் டூல்ஸ் பகுதியில் கையடக்கப் படி உருவாக்கும் கட்டளை உண்டு. அதைக் கொண்டு பென் டிரைவில் ஒரு படி எடுத்து வையுங்கள். நிறுவிய என்விடிஏ எக்காரணத்தாலோ எழாவிட்டால், பென் டிரைவைச் செருகி அதிலிருந்து இயக்கலாம். என்விடிஏவின் பொது அமைப்புகளில், விண்டோஸில் நுழைந்தவுடன் தானாகத் தொடங்கும் தேர்வைக் குறியிடுங்கள். விலைக்கு வாங்கிய திரைவாசிப்பான் தானாகத் தொடங்குவதை எம்எஸ்கான்ஃபிக்கின் ஸ்டார்ட்அப் பக்கத்தில் நிறுத்துங்கள். இரண்டும் இன்செர்ட் விசையைத் தமக்கே உரியதாகக் கருதுவதால் ஒரே நேரத்தில் இரண்டை ஓடவிடவே கூடாது. அதன் பிறகு என்விடிஏவின் குரலோடு மற்றதை நீக்குங்கள். அதற்கு இணையவழி உரிமம் இருந்தால், நீக்கும் முன் உரிமத்தை விடுவித்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படலாம். தொடங்கும் முன் சிஸ்டம் ரெஸ்டோரில் ஒரு மீட்புப் புள்ளியும் வைத்துவிடுங்கள்.

உங்களிடம் உள்ள என்விடிஏ 2017.3 பதிப்பா என்று பாருங்கள். எக்ஸ்பியில் இயங்கும் கடைசிப் பதிப்பு அதுவே. அதற்குப் பிந்தியவை விண்டோஸ் 7க்கு முந்தையவற்றை ஏற்பதில்லை. அந்த நிறுவல் கோப்பைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது தொல்லை, அதாவது குரல் இருந்தும் விசைகள் செத்துப்போவது, மோதலே அல்ல என்று எனக்குத் தோன்றுகிறது. வலப்புற ஷிஃப்ட்டை எட்டு நொடி அழுத்திப் பிடித்தால் ஃபில்டர் கீஸ் என்னும் வசதி விழித்துக்கொள்ளும். கை நடுக்கம் உள்ளவர்களுக்காக அமைந்த அது, விரைவாகத் தட்டும் விசைகளைப் புறக்கணிக்கும். யோசித்தபடி ஷிஃப்ட்டில் விரல் வைத்திருக்கும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. அடுத்த முறை விசைகள் செத்தால் ஏதேனும் ஓர் எழுத்தை இரண்டு நொடி அழுத்திப் பிடியுங்கள். எழுத்து விழுந்தால் காரணம் அதுதான். கண்ட்ரோல் பேனலின் அக்செசிபிலிட்டி ஆப்ஷன்ஸில் ஸ்டிக்கி கீஸ், ஃபில்டர் கீஸ், டாகிள் கீஸ் ஆகிய மூன்றின் குறுக்குவழிகளையும் நீக்கிவிடுங்கள்.

பூதப்பாண்டி புதியவன் எழுதியது:

இவ்வளவு பாடுபடுவதற்குப் பதில் இரண்டாம் கையாகச் சற்றுப் புதிய மடிக்கணினி ஒன்றை வாங்கி, யுஎஸ்பியிலிருந்து பேரலலுக்கு மாற்றும் கேபிள் போட்டால் ஆகாதா?

தக்கலை ஓய்வாசிரியர் எழுதியது:

தம்பி, அக்கேபிளை முயன்று பார்த்தாயிற்று. புதிய விண்டோஸ் கேபிளை அச்சுப்பொறியாக ஏற்கிறது. அச்சுப்பொறியின் டிரைவர் நிறுவலோ புதிய விண்டோஸில் தொடக்கத்திலேயே நின்றுவிடுகிறது. புதிய பிரெயில் அச்சுப்பொறியின் விலை என் ஓய்வூதியத்துக்கு எட்டாது. இந்தக் கணினியை இணையத்தில் இணைப்பதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். எக்ஸ்பிக்கான பாதுகாப்புப் புதுப்பிப்புகள் 2014 ஏப்ரலிலேயே நின்றுவிட்டன என்பது தெரியும்.

டீச்சர் சொன்னபடியே செய்தேன். பேஸ்வீடியோவில் இருந்தவரை நீலத்திரை வரவில்லை. பிறகு என்விடிஏவின் குரலில், நிரலர் சொன்ன தலைகீழ் வரிசையில் இரண்டையும் நீக்கினேன். உருப்பெருக்கியின் நீக்கும் நிரல் ஓரிடத்தில் பெயரற்ற பொத்தான் ஒன்றில் நின்றது. டேப் விசையால் முன்னும் பின்னும் சென்று, மற்றப் பொத்தான்களின் பெயரை வைத்து அது எதுவாக இருக்கும் என்று ஊகித்து அழுத்தினேன். பின்னர் கிராபிக்ஸ் கார்டின் டிரைவரை மீண்டும் நிறுவி, பேஸ்வீடியோ தேர்வை எடுத்துவிட்டேன். அதன்பின் இன்றுவரை நீலத்திரை இல்லை. விசைகள் செத்தபோது எழுத்தை அழுத்திப் பிடித்துப் பார்த்தேன், எழுத்து விழுந்தது. குறுக்குவழிகளை நீக்கியபின் அத்தொல்லையும் ஓய்ந்தது.

தமிழ்த் தட்டச்சு மட்டும் இன்னும் சரியாகவில்லை. "பாடம்" என்று அடித்தால் சில வேளை "பாாடம்" என்று விழுகிறது. சில வேளை ஆங்கில எழுத்துகளையும் சேர்த்து வாசிக்கிறது.

மார்த்தாண்டம் நிரலர் எழுதியது:

மகிழ்ச்சி சார். டிரைவரை மறுபடி நிறுவியதால் சரியானதா, இடைமறிப்புகளை நீக்கியதால் சரியானதா என்பதை இனிப் பிரித்துச் சொல்ல முடியாது. ஓடுகிற கணினியில் அதைத் தோண்ட வேண்டாம்.

தட்டச்சுச் சிக்கலின் வேர் வேறு. ஒலியியல் முறைத் தமிழ்த் தட்டச்சு மென்பொருள், நீங்கள் அழுத்தும் ஆங்கில விசையை இடைமறித்துத் தமிழ் எழுத்தாக மாற்றி, அதைத் தானே விசை அழுத்தியதுபோல் விண்டோஸுக்கு அனுப்புகிறது. முன்பு விழுந்த எழுத்தை மாற்ற வேண்டுமானால் பின்னழிப்பு விசையையும் தானே அனுப்புகிறது. என்விடிஏவும் எல்லா விசைகளையும் முதலில் கேட்கும் நிரல். இந்தப் போலி விசைகளையும் அது உண்மை விசைகளாக எண்ணிக் கையாளும்போது வரிசை குலைகிறது. என்விடிஏவின் விசைப்பலகை அமைப்புகளில், பிற நிரல்களிலிருந்து வரும் விசைகளைக் கையாளும் தேர்வு ஒன்று உண்டு; இயல்பாக அது குறியிடப்பட்டிருக்கும். அதை நீக்கிவிடுங்கள். வியட்நாமிய மொழித் தட்டச்சு மென்பொருளில் இதே சிக்கல் வருவதை என்விடிஏவின் பயனர் கையேடே குறிப்பிடுகிறது.

தொடங்கும் வரிசையும் முக்கியம். இத்தகைய இடைமறிப்புகளில் கடைசியாக நுழைந்தது முதலில் விசையைப் பெறும். எனவே தமிழ் மென்பொருளை முதலில் தொடங்கி, பிறகு என்விடிஏவைத் தொடங்கினால், என்விடிஏ தன் கட்டளைகளை எடுத்துக்கொண்டு மற்றவற்றைத் தமிழ் மென்பொருளுக்கு விடும்.

எதுவும் பலிக்காவிட்டால், எக்ஸ்பியிலேயே உள்ள தமிழ் விசைப்பலகையைப் பயன்படுத்தலாம். மண்டல அமைப்புகளில் சிக்கலான எழுத்துமுறைகளுக்கான கோப்புகளை நிறுவினால் அது கிடைக்கும். அது விண்டோஸின் சொந்த விசை அமைப்பு என்பதால் இடைமறிப்பே கிடையாது. ஆனால் அது இந்திய மொழிகளுக்கான பொது விசை அமைப்பாகிய இன்ஸ்கிரிப்ட் முறையில் உள்ளது. தமிழ்99 அல்லது ஒலியியல் முறை பழகிய விரல்களுக்கு எரிச்சலூட்டும். என்னைக் கேட்டால் அதைக் கடைசி வழியாகவே வைப்பேன்.

தக்கலை ஓய்வாசிரியர் எழுதியது:

அந்தத் தேர்வை நீக்கியதும் எழுத்து இரட்டிப்பது நின்றுவிட்டது. தொடங்கும் வரிசையையும் மாற்றிவிட்டேன். இன்ஸ்கிரிப்ட் தேவைப்படவில்லை.

இப்போது கவனத்துக்கு வந்த இன்னொன்று: பிரெயில் அச்சு ஓடும்போது என்விடிஏவின் குரல் விக்கி விக்கி வருகிறது. அச்சு முடிந்தவுடன் சரியாகிறது. முன்பும் இப்படி இருந்திருக்கலாம். மற்றத் தொல்லைகளுக்கிடையில் இது தனியாகத் தெரியவில்லை.

வடசேரி வன்பொருள் எழுதியது:

இது என் பக்கத்து வேலை சார். பேரலல் போர்ட் பழைய எஸ்பிபி முறையில் இருந்தால், ஒவ்வொரு பைட்டையும் செயலியே நின்று தள்ளிக் கொடுக்க வேண்டியிருக்கும். அந்நேரம் குரலுக்குக் கிடைக்கும் பங்கு குறையும். பயாஸில் அதை இசிபி முறைக்கு மாற்றினால் செயலியின் கையை எதிர்பாராத டிஎம்ஏ வழியாகத் தரவு செல்லும், செயலி ஓய்வு பெறும். பயாஸ் பேசாது என்பதால் பக்கத்து வீட்டு மாணவரை அழைத்துக்கொள்ளுங்கள். கணினி எழும்போது டெலிட் விசையை அழுத்தி உள்ளே சென்று, இன்டகிரேட்டட் பெரிபெரல்ஸ் பகுதியில் பேரலல் போர்ட் மோடு என்பதைப் பார்க்கச் சொல்லுங்கள். போர்டைப் பொறுத்துப் பெயர் சற்று மாறலாம். இப்போது உள்ள மதிப்பை மாற்றும் முன் குறித்துக்கொள்ளட்டும். சில பழைய அச்சுப்பொறிகள் இசிபியை ஏற்காமல் குப்பைப் புள்ளிகளை அடிக்கும், அப்போது பழைய மதிப்புக்கே திரும்ப வேண்டியிருக்கும்.

அது ஒத்துவராவிட்டால், அச்சுப்பொறியின் பண்புகளில் அட்வான்ஸ்டு பக்கத்துக்குச் சென்று, கடைசிப் பக்கம் வரிசையில் சேர்ந்த பிறகே அச்சைத் தொடங்கும் தேர்வைக் குறியிடுங்கள். விக்கல் முழுதும் போகாது. ஆனால் ஆவணத்தை ஆயத்தப்படுத்தும் வேலையும் அச்சிடும் வேலையும் ஒன்றின்மேல் ஒன்று விழாமல் இருக்கும். மாணவர் பயாஸுக்குள் இருக்கும்போதே தேதியையும் ஒருமுறை பார்த்துவிடட்டும். ஒவ்வொரு முறையும் பழைய தேதிக்குப் போய்விட்டால் சிஆர்2032 பேட்டரியை மாற்றியாக வேண்டும். இல்லையென்றால் இப்போது மாற்றும் இசிபி அமைப்பும் அடுத்த மின்தடையில் அழிந்துபோகும்.